மூணாம் நம்பர் பெட்டி

நம்ம குரூப்பில் இருக்கிற தோழிகளுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வாரம் வில்லாவுக்குக் குடிபோனவள், கோழி வளர்க்கப் போகிறேன், முட்டையிட எந்தப் பெட்டி வாங்கலாம் என்று நான்கு படம் போட்டுக் கேட்டாள். ஒன்று பிளாஸ்டிக். ஒன்று மரம். ஒன்றில் முட்டை தானாக உருண்டு பின்பக்கத் தட்டில் போய் விழுமாம். இன்னொன்றுக்கு ஓடு வேய்ந்த கூரை, திரைச்சீலை எல்லாம் இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் குடியிருந்த அறையைவிட நன்றாக இருந்தது. ஆளாளுக்கு ஓட்டுப் போட்டீர்கள். நான் மட்டும் வாய் திறக்கவில்லை. இவள் வாய் திறக்காமல் இருப்பதாவது என்று பயந்து மூன்று பேர் போன் போட்டு உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டீர்கள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோழிப் பெட்டி விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கேஸ் இருக்கிறது. ஐம்பதைத் தொடப் போகிறோம், இனிமேல் யார் என்னை அடிக்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தேன். பள்ளிக்கூடம் ஷார்ஜாவில். எங்களை ஏற்றிப்போன வேன்காரர் அந்த வருஷம் நாங்கள் குடியிருந்த அஜ்மானுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார் அப்பா. பார்த்தார். அதற்கடுத்த வருஷமும் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்த்தார். இப்படித்தான் நான் படிக்காத மேதை ஆனேன். தமிழ் எழுத்து அம்மா சொல்லிக் கொடுத்தது. இதில் பிழை இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

சுற்றுச்சுவர் வைத்த பழைய வீடு. முன்பக்கம் வீட்டுக்காரக் கிழவரும் அவர் மனைவியும். பின்பக்கம் இரண்டு அறையில் நாங்கள் மூன்று பேர். நடுவில் மணல் முற்றம். அதில் கிழவருடைய ஆறு கோழிகள். அவரை எல்லாரும் பாபா என்போம். அந்தக் கோழிகள் மனம் போன இடத்தில் முட்டை போடும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், டயருக்குள், ஒருமுறை பாபாவின் செருப்பில். அந்தக் குளிர்காலத்தில் பாபா மூட்டு வைத்தியத்துக்காக மனைவியோடு பம்பாய்க்குக் கிளம்பினார். கிளம்பும்போது அப்பாவைக் கூப்பிட்டார். மூலைக் கடை மலையாளி அவரிடம், நாமக்கல் என்றாலே கோழியும் முட்டையும்தான் என்று சொல்லி வைத்திருந்தார்.

"தும் நாமக்கல். முர்கி மாலூம்?" என்றார் பாபா.

கோழி பற்றித் தெரியுமா என்று கேட்கிறார்.

"மாலூம், பாபா" என்றார் அப்பா.

என் அப்பா நாமக்கல்தான். ஆனால் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வளர்ந்தவர். அவர் வாழ்நாளில் தொட்ட கோழி எல்லாம் இலையில் வந்த கோழி. துபாயில் ஒரு கம்பெனியில் ஏ.சி. காற்று போகிற தகர டக்ட் செய்கிற வேலை. பிறகு ஏன் தெரியும் என்றார்? இந்த ஊருக்குப் பிழைக்க வந்த நம் ஆட்கள் எவனாவது 'தெரியாது' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வெல்டிங் மாலூம்? மாலூம். கிரேன் மாலூம்? மாலூம். ஏறி உட்கார்ந்த பிறகுதான் எது பிரேக் என்று தேடுவது. அப்படித்தான் அப்பா கோழி நிபுணர் ஆனார். கோழிகளுக்கு நல்ல வீடு கட்டு, முட்டை போட்டால் உனக்கு, போடவில்லை என்றால் பிரியாணி, கலாஸ், கதை முடிந்தது என்று தீர்ப்பை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிழவர் விமானம் ஏறினார்.

அடுத்த வெள்ளிக்கிழமையே பெட்டி தயார். அப்பா வேலை பார்த்த சைட்டில் வெட்டிக் கழித்த ஜி.ஐ. தகரம். மேலே மூன்று, கீழே மூன்று, தொழிலாளிகள் தங்குகிற லேபர் கேம்ப்பின் அடுக்குக் கட்டில் மாதிரி ஆறு அறை. ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், மூலை மட்டம் பிசகாமல் மடித்து ரிவெட் அடித்தது. நெற்றியில் சிவப்புப் பெயின்ட்டில் ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர். ஆறு கோழிக்கு ஆறு பெட்டி. கேம்ப்பில் ஆளுக்கொரு கட்டில் என்பதுதான் சட்டம், அடுத்தவன் கட்டிலில் உட்கார்ந்தால் சண்டை வரும், கோழிக்கும் அதே நியாயம்தானே என்றார் அப்பா.

வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிற சித்தப்பா ஒருவர் இருந்தார். சொந்தச் சித்தப்பா இல்லை. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கேம்ப்பில் தங்கியிருந்த கார்பென்டர். தகரத்தில் செய்த எதையும் அவர் பொருளாகவே மதிக்க மாட்டார். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அண்ணே, இது கோழிக்கா, இல்ல தபாலாபீசுக்கா?"

பதிலைக் கோழிகள் சொல்லின. பளபளப்பான தகட்டில் தங்கள் முகத்தைப் பார்த்து, உள்ளே ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று நினைத்து, மரியாதையாகப் பின்வாங்கின.

இனிமேல் வருவதுதான் என் வாக்குமூலம்.

அப்பா காலை ஐந்து மணிக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுவார். திரும்பும்போது இருட்டிவிடும். அம்மாவுக்குக் கோழி நாற்றம் ஆகாது, முற்றத்துப் பக்கமே வர மாட்டார். ஆகவே பகல் முழுக்க ஆறு கோழிக்கும் நான்தான் கம்பெனி. நான்காவது நாள் காலை ஒரு பழுப்புக் கோழி மூணாம் நம்பர் பெட்டிக்குள் போனது. மேல்வரிசையில் சுவர் ஓரமாக இருந்த பெட்டி. நெடுநேரம் கழித்து வெளியே வந்து, ஊரைக் கூட்டிக் கத்தியது. எட்டிப் பார்த்தேன். முட்டை. கையில் எடுத்தால் சூடு, அப்போதுதான் இறக்கிய இட்லி மாதிரி.

இந்தக் கோழிக்குப் போர்மேன் என்று பெயர் வைத்திருந்தேன். மற்ற ஐந்தையும் வரிசையில் நிற்க வைத்துக் கொத்தும், முதல் இடத்தைத் தான் எடுத்துக்கொள்ளும். அந்தப் போர்மேன் மூணாம் நம்பருக்குள் போனது என்றால் மற்றவற்றுக்கும் மூணாம் நம்பர்தான் வேண்டும். பக்கத்தில் ஐந்து பெட்டி காலியாகக் கிடக்கும், இவை மூணுக்கு முன்னால் கியூவில் நிற்கும். சில நேரம் பொறுக்க முடியாமல் இரண்டு கோழி உள்ளே போய் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். அப்பாவின் ஆளுக்கொரு கட்டில் சட்டம் அங்கே செல்லவில்லை.

முட்டையை நேராக அம்மாவிடம் கொடுத்திருந்தால் கதை முடிந்தது. எனக்கு முட்டை வேண்டாம், குஞ்சு வேண்டும். பேசுவதற்கு, தூக்கிக்கொண்டு திரிவதற்கு, பள்ளிக்கூடம் வைத்து மிரட்டுவதற்கு ஒரு கூட்டம் வேண்டும். குஞ்சு பொரிக்கச் சூடு வேண்டும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். எங்கள் வீட்டில் குளிர்காலத்திலும் சூடாக இருக்கிற ஒரே இடம் பிரிட்ஜுக்குப் பின்னால், அந்தக் கறுப்பு மோட்டார் உறுமுகிற மூலை. பெரிய பால்பவுடர் டின்னில் அம்மாவின் பழைய புடவைத் துணியைப் போட்டு முட்டையை வைத்து மோட்டாரை ஒட்டித் தள்ளிவிட்டேன். அடுத்த நாள் கிடைத்ததையும். அதற்கடுத்த நாளும். வயதான கோழிகள், தினமும் எல்லாம் போடாது. ஒன்றோ இரண்டோ, கிடைத்ததெல்லாம் டின்னுக்குப் போனது. வெள்ளிக்கிழமைகளில் அப்பா தூங்கி எழுவதற்குள் எடுத்துவிடுவேன். ஒன்றாவது விட்டுவைக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு முட்டையை விட்டால் ஒரு குஞ்சு போச்சு. எந்தத் தாய்க்கு மனசு வரும்?

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவும் சித்தப்பாவும் காலிப் பெட்டிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார்கள்.

வெளிச்சம் அதிகம் என்றார் சித்தப்பா. கோழிக்கு வெட்கம் ஜாஸ்தி, இருட்டில்தான் முட்டையிடும். அரிசிச் சாக்கைக் கிழித்து ஆறு பெட்டிக்கும் திரை தொங்கவிட்டார்கள். தகரம் குளிர்ந்து கிடக்கிறது, எந்தப் பொம்பளை இதில் உட்காருவாள் என்று சொல்லி, சைட்டிலிருந்து கொண்டுவந்த மரத்தூளை இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்பினார். அப்பா உர்ரென்று பார்த்துக்கொண்டிருந்தார். தகரத்துக்குள் மரம் நுழைந்துவிட்டது அல்லவா.

அந்த வாரமும் முட்டை இல்லை. அதாவது அவர்களுக்கு இல்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, கோழிகள் ராத்திரி பெட்டிக்குள்ளேயே படுத்து அசிங்கம் செய்வதைக் கண்டுபிடித்தார்கள். ராத்திரி கோழிகள் உட்காரக் கட்டியிருந்த கம்பி பெட்டியைவிடத் தாழ்வாக இருந்ததுதான் தப்பு, கோழி எது உயரமோ அங்கேதான் தூங்கும் என்று சொல்லிக் கம்பியைப் பெட்டிக்கு மேலே ஏற்றிக் கட்டினார்கள். பெட்டியின் மண்டையில் ஏறி உட்காராதபடி சரிவாக ஒரு கூரை. முட்டை உருண்டு வெளியே விழாமலிருக்க வாசலில் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு.

நியாயமாகச் சொல்கிறேன், அவர்கள் செய்த ஒவ்வொன்றும் சரியான வேலை. திரை போட்ட பிறகு கோழி பதறாமல் உட்கார்ந்தது. மரத்தூள் போட்ட பிறகு முட்டையில் கீறல் இல்லை. கம்பியை ஏற்றிய பிறகு முட்டையில் அழுக்கு இல்லை. தடுப்பு வைத்த பிறகு ஒரு முட்டைகூடக் கீழே விழவில்லை. அப்பா பெட்டியைத் திருத்தத் திருத்த என் திருட்டு சுலபமாகிக்கொண்டே போனது. வில்லாக்காரி, நீ கேட்ட கேள்விக்கு விடை இதில் எங்கேயோ இருக்கிறது, பொறுக்கிக்கொள்.

ஆனால் அப்பாவின் முகம்தான் வாரத்துக்கு வாரம் சிறுத்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் டிபன் கேரியரைக்கூட வைக்காமல் டார்ச் அடித்து ஆறு பெட்டியிலும் தேடுவார். டக்ட்டில் ஒரு நூல் காற்று ஒழுகினால் தூங்காத மனுஷன். பாபா பம்பாயிலிருந்து போன் செய்து முட்டை எப்படி என்று கேட்டபோது, வருகிறது பாபா, வந்துகொண்டிருக்கிறது என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொன்னார், அவருக்கே தெரியாமல்.

நான்காவது வெள்ளிக்கிழமை சித்தப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு கோல்ஃப் பந்தை எடுத்தார். கேம்ப்பில் அவர் ரூம்காரர் ஒருவர் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறவர், அவர் கொடுத்தது. பெட்டிக்குள் ஒரு பொய் முட்டை கிடந்தால், ஓ இதுதான் இடம் என்று கோழிக்குப் புரியும் என்றார். அந்தப் பழுப்புக் கோழி அடிக்கடி சுற்றுகிற மூணாம் நம்பரில் வைத்தார்கள். அவர்கள் இதைப் பேசியபோது நான் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை திரைக்குள் கை விட்டுத் துழாவினேன். வழக்கமான முட்டை ஒன்று. இன்னொன்று வெள்ளையாக, குண்டாக, மேலெல்லாம் அம்மைத் தழும்பு. ஐயோ பாவம், நோஞ்சான் என்று நினைத்து டின்னில் மோட்டாருக்கு நெருக்கமாக, நல்ல சூடான இடத்தில் அதை வைத்தேன். சிரிக்காதீர்கள். அந்தப் பந்திலிருந்து குஞ்சு வரும் என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தேன்.

அன்று இருட்டியதும் அப்பா டார்ச் அடித்தார். பந்தைக் காணோம். நெடுநேரம் பெட்டிக்கு முன்னால் நின்றார். பிறகு உள்ளே வந்து அம்மாவிடம் துப்புத் துலங்கிவிட்டது என்றார். கோழிகள் முட்டை போடுகின்றன. போட்ட முட்டையை ஒரு கோழி குடித்துவிடுகிறது. அந்த ருசியில் பந்தையும் விழுங்கிவிட்டது. எந்தக் கோழி எந்நேரமும் மூணாம் நம்பர் வாசலிலேயே நிற்கிறது?

"அந்தப் பழுப்புக் கோழிதான். முட்டை குடிச்சுப் பழகுனத வெச்சிருக்கக் கூடாது, பாத்து மத்ததும் பழகிக்கும். வெள்ளிக்கெழம அறுத்துப் போடலாம்" என்றார். "வகுத்துக்குள்ள பந்து இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சு போகும்."

அம்மா எதிர்ப்புச் சொல்லவில்லை. ஊரில் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி வாசமே இருக்காது. இங்கே லீவு நாளே வெள்ளி என்பதால் அம்மா சாமியிடம் பேசி விளக்கு ஏற்றுகிற நாளைச் செவ்வாய்க்கு மாற்றியிருந்தார். அவருக்கு அந்த வாரம் வேறு கவலை. சமையலறையில் ஏதோ நாற்றம். சாக்கடைக் குழியில் டெட்டால் ஊற்றி ஊற்றிப் பார்த்தார், போகவில்லை.

நான் அந்த ஐந்து நாளும் தூங்கவில்லை என்று எழுத ஆசைதான். நன்றாகத் தூங்கினேன். ஆனால் விழித்திருந்த நேரமெல்லாம் கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் குஞ்சுகள் போச்சு. சொல்லாவிட்டால் போர்மேன் போச்சு. ஒன்றும் செய்யாத கோழி. கொத்தும், அவ்வளவுதான். அது எந்தப் போர்மேனும் செய்வதுதானே.

வெள்ளிக்கிழமை காலை போர்மேனின் காலைக் கட்டித் தொட்டி ஓரம் போட்டிருந்தார்கள். சித்தப்பா கத்தி தீட்டினார். எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். டின்னிலிருந்து அந்தப் பந்தையும் ஒரு முட்டையையும் எடுத்துப் பாவாடையில் மறைத்துக்கொண்டுபோய் மூணாம் நம்பரில் வைத்தேன். பிறகு, அப்பா இங்கே பாருங்க, முட்டை என்று கூப்பிட்டேன்.

அப்பா ஓடி வந்தார். முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். சூடு. பிரிட்ஜ் மோட்டாரின் சூடு என்று அவருக்கு எப்படித் தெரியும்? பந்தையும் எடுத்தார். இது எப்படித் திரும்பி வந்தது என்றார். சித்தப்பா யோசித்துவிட்டு, உள்ளே போனது வெளியே வரத்தானே அண்ணே செய்யும் என்றார். பந்தைக் கீழே போட்டுவிட்டு அப்பா கையைக் கழுவினார். ஆனால் அவர் முகத்தில் பல வாரமாகக் காணாத சிரிப்பு. போர்மேனுக்கு மன்னிப்பு. முதல் முட்டை, பாடுபட்டவனுக்கு, அதாவது சித்தப்பாவுக்கு. அரைவேக்காட்டில் மிளகு தூவிப் போடச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தார். சித்தப்பா தட்டோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்தார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. முட்டை என்றால் சாப்பிடுவார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அம்மா சட்டி விளிம்பில் தட்டினார். டொப் என்று பட்டாசு மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு வந்ததை நாற்றம் என்று சொல்வது நாற்றத்துக்கு அவமானம். சித்தப்பா தட்டைப் போட்டுவிட்டு முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டார். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுப்பை அணைத்தார். அம்மா மட்டும் அசையாமல் நின்று, மூக்கைச் சுளித்து, இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். ஒரு வாரமாகத் தேடிய நாற்றம். என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். அம்மா பிரிட்ஜைப் பிடித்து இழுத்தார்.

டின் வெளியே வந்தது. சித்தப்பா திரும்பி வந்தார். நான்கு பேரும் டின்னைச் சுற்றி நின்றோம். அடி விழும் என்று முதுகை நிமிர்த்தித் தயாராக இருந்தேன்.

"எல்லாம் எந்தப் பெட்டில எடுத்த, கண்ணு?" என்றார் அப்பா.

"மூணு."

"மத்ததுல?"

"ஒண்ணு கூட இல்லீங்கப்பா. எல்லாம் மூணுக்குத்தான் வரிசைல நிக்கும்."

"எப்பருந்து?"

"நாலாம் நாள்லருந்து."

அப்பா சித்தப்பா பக்கம் திரும்பினார். "கேட்டியா தம்பி? சாக்கு இல்ல, தூள் இல்ல, மொட்டத் தகரத்துலயே போட்டிருக்குது."

"ஒடையாம போட்டுச்சான்னு கேளுங்கண்ணே. அது தூளுக்குப் பொறவுதான்."

"கேக்க வேண்டியத உட்டுப்போட்டு ரெண்டு பேரும் பெட்டியப் பேசுங்க" என்றார் அம்மா. "எதுக்குடி ஒளிச்சு வெச்ச?"

"குஞ்சு பொரிக்க."

"சேவல் இல்லாம எப்புடி பாப்பா?" என்றார் சித்தப்பா.

"சேவல் எதுக்கு?"

அப்பா டின்னின் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் படிக்க ஆரம்பித்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. சித்தப்பா தன் கட்டைவிரல் நகத்தை ஆராய்ந்தார். அம்மா, அரிசி ஊறப்போட வேண்டும் என்றார். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க எனக்குப் பத்து வருஷமும் ஒரு மாப்பிள்ளையும் தேவைப்பட்டது.

அடி விழவில்லை. ஏன் குஞ்சு வேண்டும் என்றும் யாரும் கேட்கவில்லை. அப்பா மட்டும் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், முற்றத்தைப் பார்த்தார், யாருமில்லாத அந்த மணலைப் பார்த்தார். நாள் முழுக்க நான் சிரித்துக்கொண்டே திரிந்ததால் எனக்கு ஒரு குறையும் இல்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். தப்பென்று சொல்ல மாட்டேன். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிறகு அவர் வெளியே போனார். லீவு நாளுக்கென்று கட்டிய வெள்ளை வேட்டியோடு மணலில் மண்டி போட்டார். சாக்குத் திரையை விலக்கி மூணாம் நம்பர் பெட்டிக்குள் தலையை விட்டார். மற்ற ஐந்தில் இல்லாத எது இதில் இருக்கிறது என்று பார்க்கிறார். இந்தப் பக்கம் தட்டினார், அந்தப் பக்கம் தட்டினார். ரொம்ப நேரம் தலை வெளியே வரவில்லை. நான் போய்ப் போர்மேனின் கால்கட்டை அவிழ்த்துவிட்டேன். அது இரண்டு தடவை காலை உதறிவிட்டு நேராக நடந்து போய் அப்பாவுக்குப் பின்னால் நின்றது. பொறுத்துப் பார்த்தது. பிறகு அவர் குதிகாலில் ஓங்கி ஒரு கொத்து.

அப்பா தலையை வெளியே எடுத்தார். முடியெல்லாம் மரத்தூள். நகர்ந்து வழி விட்டார். போர்மேன் அவர் தோளில் ஏறித் தாவி உள்ளே போனது, திரை மூடிக்கொண்டது.

சித்தப்பா பீடி பற்றவைக்கப் போனார், அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அம்மா, முற்றத்துக்கே வராத அம்மா, கையில் கரண்டியோடு வந்து நின்றார். ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி நான்கு பேரும் காத்திருந்தோம். உள்ளே மரத்தூள் சரசரத்தது. அடங்கியது. பிறகு திரையைத் தள்ளிக்கொண்டு போர்மேன் குதித்து, சுவருக்கு அந்தப் பக்கம் தெருவரைக்கும் கேட்கும்படி கத்தியது.

அப்பா கை விட்டு எடுத்தார். தான் கட்டிய பெட்டியில் தன் கையால் எடுத்த முதல் முட்டை. உள்ளங்கையில் வைத்து இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். சித்தப்பாவிடம் கொடுக்கவில்லை, அம்மாவிடமும் கொடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு என் கையில் வைத்தார்.

"பிரிட்ஜுக்குள்ள வை, கண்ணு" என்றார். "பின்னாடி வேண்டாம்."